ராக்காயி கழற்றாத சப்பாத்து

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டதில்லை. போட்டால் போவார்கள். ராக்காயியையும் அப்படித்தான் போட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்து, ஆட்கள் குடியிருந்த லயங்களில் பாதி காலியாகி, ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள் போக மிச்சமிருந்தவர்களை வைத்துத் தோட்டம் மெல்லத் தலைதூக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆள் குறைந்த அந்த நான்கைந்து வருஷத்தில் மரங்களுக்கு நடுவே லாலான் புல் இடுப்புயரம் ஏறிவிட்டது. மண்வெட்டியால் கொத்தி வேரோடு எடுக்க நூறு பேர் வேண்டும். புல்லைக் கருக்கும் மருந்தென்றால் பதினாறு பேர் போதும். அதனால் கோலா கெத்தில் சாலை வழியாக லோரியில் மருந்து வந்து இறங்கியது. பீப்பாய் போன்ற இரும்புத் தோம்புகள், மேலே மண்டையோட்டுப் படம், உள்ளே வெள்ளைத் தூள்.

ராக்காயிக்கு அப்போது முப்பத்தாறு வயது. தோட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷமே புருஷன் சின்னையா குளிர்காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை தங்கவில்லை. பதினோரு வருஷம் பால்மரம் வெட்டினாள். அவள் வெட்டிய நிரை மரங்கள் கொஞ்சம் ஆறட்டும் என்று ஆப்பீசில் முடிவு செய்தபோது, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் பெயரை மருந்துக் கூட்டத்தில் சேர்த்து வாசித்தார்கள். அவளோடு ஒரே லயத்து அறையில் குடியிருந்த மருதம்மாளையும் அதே கூட்டத்தில்தான் போட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான்கு ஆண்கள் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். பன்னிரண்டு பெண்கள் பித்தளைப் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் அடித்தபடி, மறு கையால் குழாயைப் பிடித்துப் புல்லுக்குள் நடக்க வேண்டும். அந்த மருந்துக்கு நாற்றம் கிடையாது. நாற்றமிருந்தாலாவது பயம் வந்திருக்கும். உப்புக் கரிக்கும் என்று உதட்டில் தெறித்தவர்கள் சொல்வார்கள். மூட்டுக் கழன்ற பம்பிலிருந்து அது முதுகில் வழியும். நனைந்த புல்லிலிருந்து காலில் வழியும். எல்லாரும் வெறுங்கால்தான். முதல் மாதம் விரலிடுக்கு அரித்தது. இரண்டாம் மாதம் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது. அப்புறம் புண். ஈரச் சேலையின் கரை உரசுகிற கெண்டைக்காலில் வளையம் போட்டது போலப் புண். சிலருக்கு மூக்குக்குள்ளும் வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் பரஞ்சோதி வெள்ளைக் களிம்பு தடவிக் கட்டுவார். ஈரத்தில் நிற்காதே என்பார். நிற்காமல் எப்படி வேலை செய்வது என்று ராக்காயி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் பஞ்சை மடித்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

சப்பாத்து இருப்பது அவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு நாள் பெரட்டில் கங்காணி அழகேசன் மருந்துக் கூட்டத்தை மட்டும் தனியே நிறுத்தி ஸ்டோருக்கு அழைத்துப் போனார். உள்ளே பலகைமேல் பன்னிரண்டு ஜோடி, முழங்கால்வரை வரும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. பவுடர் தூவி, ஒரு சுருக்கமில்லாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். கூடவே பன்னிரண்டு ஜோடிக் கையுறை. பட்டணத்திலிருந்து இன்ஸ்பெக்சன் தொரை வருகிறார், எல்லாரும் போட்டுக்கொண்டு நில்லுங்கள், கேட்டால் தினம் போடுகிறோம் என்று சொல்லுங்கள் என்றார் அழகேசன். அதட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும், கொங்காணி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரிதான் சொன்னார்.

எல்லாம் ஆண்களின் அளவு. வெள்ளைக்கார ஆண்களின் அளவு. ராக்காயியின் கால் உள்ளே நீந்தியது. பெண்கள் குழந்தைகளைப் போலத் தத்தித் தத்தி நடந்து புல்லோரம் வரிசையாக நின்றார்கள். பத்து மணிக்குக் கார் வந்தது. இன்ஸ்பெக்சன் தொரை இறங்கி, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை காலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். கையிலிருந்த தாளில் எழுதினார். ஆப்பீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி தர்மலிங்கம் குடைபிடித்து ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பிறகு கார் பங்களா மேட்டில் ஏறிப் போயிற்று.

கார்ச் சத்தம் அடங்கியதும் அழகேசன் சப்பாத்துகளைக் கேட்டு வாங்கினார். எண்ணிப் பார்த்துத் துடைத்து, பவுடர் தூவி, ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினார்.

மருதம்மாள்தான் கேட்டாள், இதைத் தினம் கொடுத்தால் என்ன என்று. அழகேசன் பொறுமையாகவே பதில் சொன்னார். தினம் போட்டால் மூன்று மாதத்தில் கிழிந்துவிடும். கிழிந்துவிட்டால் அடுத்த முறை தொரை வரும்போது காட்ட என்ன இருக்கும்? சட்டப்படி சப்பாத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்துக்குக் கெட்ட பெயர். அவர் சொன்னதில் பொய் இல்லை, அதை அவர் முழுதாக நம்பினார் என்பது ராக்காயிக்கும் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி கார் வந்தது. மறுபடி நின்றார்கள். மறுபடி கழற்றிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் முறை வருவதற்கு இரண்டு வாரம் முன்பு மருதம்மாள் விழுந்தாள். நாலைந்து நாளாகவே சோறு இறங்கவில்லை, வயிறு பிடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை தடித்துக் காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. ஒரு நாள் பம்பை முதுகில் ஏற்றும்போது கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை என்றாள். மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சுங்கைப்பட்டாணிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பலவீனம்' என்று எழுதியிருப்பதாகப் பரஞ்சோதி சொன்னார். சப்பாத்து கொடுக்கப்பட்டிருக்கிற ஆளுக்கு மருந்தால் வந்த நோய் என்று எப்படி எழுதுவார்கள்?

அந்த இரண்டு வாரமும் ராக்காயி அறையில் தனியாக இருந்தாள். சமைத்ததை முழுதாகத் தின்னவில்லை. அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. கோபப்படுகிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. அசதி மட்டும்தான் இருந்தது.

கார் வந்து போனது. அழகேசன் வழக்கம்போலச் சாக்கை விரித்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடச் சொன்னார். பதினோரு ஜோடி வந்து விழுந்தது. மருதம்மாள் இடத்தில் அன்றைக்கு மட்டும் வேறொருத்தியை நிறுத்தியிருந்தார்கள். ராக்காயி பம்பை எடுத்து முதுகில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சப்பாத்து," என்றார் அழகேசன்.

"கால்ல இருக்கு அண்ணே."

"அது தெரியுது. கழட்டு."

"தொர எழுதிட்டுப் போயிருக்காரு, எல்லாருக்கும் சப்பாத்து குடுத்தாச்சுன்னு. எனக்குக் குடுத்தது இது. நான் போட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் புல்லுக்குள் இறங்கி நடந்தாள். பெரிய துணிச்சல்காரி என்று அதுவரை யாரும் அவளைச் சொன்னதில்லை. ஆனால் குனிந்து அந்தச் சப்பாத்தைக் கழற்றுவது, அதைப் போட்டுக்கொண்டு நடப்பதைவிடக் கஷ்டமான காரியமாக அந்த நேரத்தில் தோன்றியது.

சாயங்காலம் ஆப்பீசுக்குக் கூப்பிட்டார்கள். சப்பாத்தோடு போய் வாசலில் நின்றாள். பெரிய கிராணி தர்மலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். "தோட்டத்துச் சாமானை நீ வீட்ட கொண்டு போறது களவு. விளங்குதோ?" என்றார்.

"வேலைக்குக் குடுத்த சாமான் அய்யா. வேலையிலதான் போட்டிருக்கேன். வீட்டுக்கு வேணாம்னா ஸ்டோர்ல வச்சிட்டுப் போறேன், காலையில குடுத்துடுங்க."

தர்மலிங்கம் உள்ளே போய்த் தோட்டத்துத் தொரையிடம் பேசினார். கதவு திறந்தேதான் இருந்தது. தொரை அடுத்த மாதம் லீவில் கப்பலேறப் போகிறவர். அவள் சொன்னது ஆங்கிலத்தில் அவர் காதில் எப்படி விழுந்ததோ, போகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்று நினைத்தாரோ. பிறகு தர்மலிங்கம் வெளியே வந்து, இவள் ஒருத்தி மட்டும் போட்டுக்கொள்ளலாம், மற்றவை ஸ்டோரிலேயே இருக்கட்டும், இதைப் பற்றி லயத்தில் பேச்சு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். தண்டனைக்குக் காத்திருந்தவளுக்கு இது என்னவென்று புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியில் சப்பாத்து குதிகாலை உரசி உரசித் தோலைக் கிழித்தது.

தப்பித்தாள் என்றுதான் கூட்டத்துப் பெண்கள் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள்.

முழங்காலுக்குக் கீழே சப்பாத்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. இடுப்புயரப் புல்லில் நடக்கும்போது மருந்து தொடையில் பட்டு, சேலையில் ஊறி, நேராக அந்த வாய்க்குள் இறங்கியது. இறங்கியது வெளியே போக வழியில்லை. வெறுங்காலில் நடந்தபோது வழிந்து மண்ணில் போனது, இப்போது உள்ளேயே தேங்கியது. மத்தியானம் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு சிறங்கைத் தண்ணீர் விழும். வெயிலில் ரப்பர் சூடேறி, உள்ளே கால் வெந்தது. மூன்றே வாரத்தில் பழைய புண்கள் ஒன்றாகச் சேர்ந்து, பாதம் முழுக்கத் தோல் வழன்றுவிட்டது. வெறுங்கால் பெண்களைவிட அவள் கால் மோசமாகப் போனது.

"பேசாம திருப்பிக் குடுத்துடுங்க அக்கா," என்றாள் வரிசையில் அடுத்து நடந்த காளியம்மா. அழகேசனின் மனைவிதான் அவள். அவளுக்கும் காலில் புண் இருந்தது. கேலியாகச் சொல்லவில்லை.

ராக்காயி திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவ்வளவுதான், அப்புறம் வாயைத் திறக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். சாக்கைக் கிழித்து முழங்காலைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தேவலை. ஆனாலும் மத்தியானம் ஒரு தடவை காலையும் சப்பாத்தையும் கழுவினால்தான் பிழைக்க முடியும். தண்ணீர் கிடந்தது ஆற்றில். ஒரு நாள் போய்க் கழுவிவிட்டு வந்தாள். திரும்பும்போது மணி அடித்து வேலை தொடங்கியிருந்தது. அழகேசன் அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான் போட்டார்.

மருந்தடிக்கிற காட்டுக்கே தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கேட்டாள். கழுவத் தண்ணீர் பக்கத்தில் இருப்பதாகத் தாளில் எழுதியாகிவிட்டது, வரைபடத்தில் ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஆப்பீசிலிருந்து பதில் வந்தது.

அடுத்த முறை வந்தவர் புது இன்ஸ்பெக்சன் தொரை. இளவயது. வெயிலில் முகம் சிவந்திருந்தது. தமிழ் படித்துத் தேறியவர் என்று சொன்னார்கள்; அதை அவர் பேசியபோதுதான் நம்ப முடிந்தது. புத்தகத்தில் இருக்கிற தமிழ். வரிசையில் நடந்து வந்தவர் ராக்காயியின் முன்னால் நின்றார். மற்ற சப்பாத்துகள் பளபளவென்று இருக்க, அவளுடையது மட்டும் வெளுத்து, வெடித்து, மேலே சாக்குத் துணி கட்டியிருந்தது.

"அம்மா, உங்கள் பாதங்களைக் காண்பியுங்கள்," என்றார்.

அவள் தர்மலிங்கத்தைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். உட்கார்ந்து கழற்றினாள். தோல் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இளைஞர் ஒரு காலடி பின்னால் வைத்துவிட்டு, பிறகு குனிந்து பார்த்தார். கேள்வி கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். மற்றவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மருதம்மாளைப் பற்றி மட்டும் சொன்னாள்.

அவர் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். தர்மலிங்கம் பக்கத்தில் நின்று வரி வரியாகக் காட்டினார். சப்பாத்து வழங்க வேண்டும்: வழங்கியிருக்கிறது. அளவைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. கழுவ நீர் பக்கத்தில் இருக்க வேண்டும்: ஆறு இருக்கிறது. எத்தனை தூரம் என்று விதியில் இல்லை.

"அந்த ஆற்றுக்கு என்னை அழைத்துச் செல்ல இயலுமா?" என்று அவர் ராக்காயியிடம் கேட்டார்.

அவள் வெறுங்காலோடு முன்னால் நடந்தாள். தொரை பின்னால். குடையோடு தர்மலிங்கம். மேடு ஏறி, இறங்கி, ஓடை தாண்டி நடந்தார்கள். ஆற்றங்கரையில் தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பி வந்ததும் இன்னொரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டார். போகும்போது அவளிடம், தன்னால் அபராதம் போட முடியாது, விதி மீறப்படவில்லை, ஆனால் ஆலோசனை எழுத முடியும், எழுதுகிறேன் என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் அது. அவள் சரிங்க தொரை என்றாள்.

ஆலோசனை வந்ததாம். ஆப்பீசிலிருந்து பதில் போனதாம். தோட்டத்துக்குப் புதுத் தொரை வந்து பார்த்து முடிவு செய்வார் என்று ஒரு கடிதம், வண்டி இல்லை என்று ஒரு கடிதம். நான்கைந்து மாதம் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்ததாகப் பரஞ்சோதி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். காட்டுக்குத் தண்ணீர் மட்டும் வரவில்லை. ராக்காயி தினமும் வீட்டிலிருந்து ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீரைத் தலையில் சுமந்து வந்தாள். பாதி அவளுக்கு. மீதியில் மற்றவர்கள் விரலை நனைத்துக்கொண்டார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் அழகேசனின் மாடு செத்தது.

மருந்தடித்த புல் உப்பாக இருக்கும். மாடு அதைத் தேடிப் போகும். அதற்காகத்தான் அடித்த இடத்தைக் கயிறு கட்டி மறைக்க வேண்டும் என்றும் எங்கோ எழுதியிருந்தது. கயிறு ஸ்டோரில் இருந்தது. அழகேசனின் மாடு சினைமாடு, இன்னும் ஒரு மாதத்தில் ஈன வேண்டியது. லயத்துக்குப் பின்னால் வயிறு உப்பி, நுரை தள்ளிக் கிடந்தது. காளியம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழகேசன் மேல்துண்டை எடுத்து மாட்டின் வாயைத் துடைத்தார். துடைத்த துண்டைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ராக்காயி அவசரமாகத் தன் தகரத்தைக் கொண்டுவந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். தகரம் காலியாகும்வரை அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

அன்று அவர் பெரட்டுக்கு வரவில்லை. மறுநாள் ஆப்பீசுக்குப் போய் என்ன பேசினார் என்பது தெரியாது. மாட்டு வண்டி வேண்டும், தராவிட்டால் மருந்துக் கூட்டத்துக்கு வேறு கங்காணி பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். பன்னிரண்டு வருஷத்தில் அவர் எதையும் கேட்டதில்லை, அதனாலேயே கொடுத்திருக்கலாம். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு தோம்பு தண்ணீரோடு வண்டி காட்டுக்கு வந்தது. சோப்பும் வந்தது. அடித்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டார்கள். ஸ்டோர்ச் சப்பாத்துகளும் வெளியே வந்தன. எல்லாரும் ராக்காயியைப் பார்த்து முழங்காலில் சாக்கு கட்டிக்கொண்டார்கள்.

அந்த மாதக் கடைசியில், தங்கள் ஆலோசனையின்படி நீர் வசதி செய்யப்பட்டுவிட்டது என்று தர்மலிங்கம் பட்டணத்துக்குக் கடிதம் தட்டினார். நல்ல ஆங்கிலம் என்று அவரே பரஞ்சோதிக்குப் படித்துக் காட்டினாராம். அதில் மாடும் இல்லை, மருதம்மாளும் இல்லை. அது ராக்காயியின் காதுக்கும் வந்தது. கடிதத்தில் யார் பெயர் இருந்தால் என்ன, தோம்பில் தண்ணீர் இருந்தது.

மருதம்மாள் விழுந்து ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் திரும்பி வந்தாள். தடியூன்றி நடந்தாள். நாற்றுமேட்டில் உட்கார்ந்து விதை பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். பொறுக்கும்போது விதை கையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். ராக்காயி தினம் சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

ஒரு மத்தியானம் ராக்காயி தோம்படியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அழகேசன் வந்து வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். அவள் கால்களைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு அண்ணே. அந்தச் சுண்டு விரல்தான், கிள்ளினாத் தெரியல."

"டிரெசர்கிட்ட காட்டுனியா?"

"காட்டுனேன். அது இனிமே அப்படித்தானாம்."

அவர் தலையாட்டினார். பிறகு சோப்பை எடுத்து, குனிந்து, தன் கைகளைக் கழுவத் தொடங்கினார். மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. ராக்காயி சப்பாத்தை வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடினாள்.